சிறு குறை என்று எழுதிய கதவு

இன்று காலை குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நடைமேடையின் விளிம்புக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். மழை விட்ட ஈரத்தில் அந்த வாசனை தரையோடு கனத்துக் கிடந்தது. இன்றைக்கு ஆடிட், எந்த ஃபைல் பாக்கி என்று மனம் தானாகத் தேட ஆரம்பித்துவிட்டது. அப்புறம்தான் நினைவு வந்தது. எனக்கு இப்போது ஃபேக்டரி இல்லை. ஆடிட்டுக்கு வர நீங்களும் இல்லை.

நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது, சார். உங்களுக்குப் பிறகு எங்கள் ஃபேக்டரிக்கு ஒருமுறை வந்துபோன ஆடிட்டர்தான் போனில் சொன்னார். காலையில் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டக் குனிந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்களாம். நான் கோயம்புத்தூருக்கு வரவில்லை. வரலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எந்த முகத்தோடு வந்து உங்கள் வீட்டார் முன்னால் நிற்பது? தொழுகைக்குப் பின் உங்களுக்காகக் கேட்டுக்கொண்டதோடு சரி. அன்றைக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டதே அந்தப் பெயின்டால்தான். எங்களுக்கென்று தோட்டம் கிடையாது. சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் ஃபேக்டரி. லீவு ரிஜிஸ்டர், டெஸ்பாட்ச் பில், விருந்தினருக்கு டீ எல்லாம் என் வேலை. வெளிநாட்டு டீ பாக்கெட் கம்பெனி ஒன்று எங்கள் தூளை வாங்கத் தொடங்கியதும், அதே மேஜையில் என்னை, விதிகளுக்குப் பொறுப்பான ‘கம்ப்ளையன்ஸ் ஆபீசர்’ ஆக்கினார்கள். அந்தக் கம்பெனிக்காகத் தூளின் தரம், மெஷின் சுத்தம், ஆட்களின் வேலை நேரம், பாதுகாப்பு எல்லாவற்றையும் வருடம் ஒருமுறை பார்த்து அறிக்கை எழுத ஓர் ஏஜென்சி இருந்தது. அதன் ஆள் நீங்கள்.

நீங்கள் வருவதற்கு முந்தின நாள் தரையெல்லாம் மஞ்சள் கோடு போட்டோம். ஆள் நடக்கும் பாதை, மெஷினின் எல்லை, தீயணைப்புக் கருவி இருக்கும் இடம் என்று ஆடிட் விதிப் புத்தகத்தில் சொன்னபடி. மலையில் மூடுபனி இருக்கும்போது பெயின்ட் காயாது. நீங்கள் உள்ளே வந்து நாலு அடி வைத்ததும் குனிந்து, கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தீர்கள். விரல் நுனி மஞ்சளாகிவிட்டது. கர்ச்சீப்பில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தீர்கள்.

“இன்னும் காயலீங்க, மேடம்.”

அவ்வளவுதான். அதை அறிக்கையில் எழுதவும் இல்லை. உங்களுக்கும் என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்து, நாற்பத்தாறு. ஆனால் அன்றைக்கு உங்கள் முகம், பல வருடமாகத் தூங்காத ஆளின் முகமாக இருந்தது. காரில் வந்தால் மலைவளைவுகளில் வாந்தி வரும் என்று பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருவீர்கள். “மலை ஏறுறதுக்குள்ள பாதி உசுரு போயிருதுங்க. மீதிய வெச்சுத்தான் ஆடிட் பண்ணோணும்” என்பீர்கள்.

ஆறு வருடம் அப்படி வந்தீர்கள். ஆறு வருடமும் நான் உங்களை ஏமாற்றினேன். காலையில் கையுறையும் முகமூடியும் கொடுத்து, நீங்கள் பஸ் ஏறியதும் எண்ணித் திரும்ப வாங்கிப் பெட்டியில் வைப்பேன். முதலுதவிப் பெட்டியில் மருந்து நிரப்புவேன். பெண்களை வரிசையாக நிறுத்திப் பதில் சொல்லிக் கொடுப்பேன். ஒருமுறை ஒரு பெண் பதற்றத்தில், நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே, “எட்டு மணி நேரம் சார், யாரும் கட்டாயப்படுத்தறதில்ல சார், குடிதண்ணி இருக்கு சார்” என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டாள். நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டு, “சாப்ட்டீங்களா?” என்று மட்டும் கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

ஃபேக்டரி சாப்பாட்டை நீங்கள் தொடக்கூடாது என்பது விதி. தேயிலை மூட்டை எடைபோடும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றைச் சாப்பிடுவீர்கள். நான் என் டிபன் பாக்ஸோடு அடுத்த முனையில் உட்கார்ந்துகொள்வேன். மூன்றாவது வருடமோ நாலாவது வருடமோ, அங்கே வைத்துத்தான் அதைக் கேட்டீர்கள்.

“ஏனுங்க மேடம், பொய்யின்னு தெரிஞ்சுதான் நானும் டிக் அடிக்கறனுங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சுதான் நீங்களும் காட்டறீங்க. அப்பறம் எதுக்குங்க நாம ரெண்டு பேரும் இப்பிடிக் களைச்சுப் போறோம்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. ஒரு வாரத்தில் நாலு ஃபேக்டரி, நாலு ஊர், ஒரே கேள்வி, ஒரே பதில் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனீர்கள். அதற்குப் பிறகு உங்களைப் பார்த்தால் எனக்குப் பயம் குறைந்துவிட்டது. ஒரே நுகத்தில் கட்டிய இரண்டு மாடுகள் மாதிரி, எதிரெதிராக இழுத்தாலும் கழுத்து வலி ஒன்றுதானே. அந்த நெருக்கத்தை நம்பித்தான் நான் உங்களிடம் அதைக் கேட்டேன்.

ஃபேக்டரியின் மாடியை நினைவிருக்கும். பறித்து வந்த கொழுந்தைக் கம்பிவலை போட்ட நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட வைக்கிற இடம். அங்கே ஏற உள்ளே ஒரு மரப்படி. பின்பக்கம் ஒரு கதவு, அதற்கு வெளியே இரும்புப் படி. ஆபத்து நேரத்தில் வெளியேற அந்த ஒரு வழிதான். ஆடிட் நாளில் அந்தக் கதவு திறந்திருக்கும். மற்ற நாட்களில் பூட்டு. ஆறாவது வருடம் நீங்கள் ஆடிட்டின் இரண்டாம் நாள் காலையில், யாரும் எதிர்பார்க்காத முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, நேராக மாடி ஏறிவிட்டீர்கள். பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சாவி சூப்பர்வைசரிடம், அவர் இன்னும் வந்திருக்கவில்லை.

“கரடி வருதுங்க சார்” என்றார் மேனேஜர். எங்கள் பக்கம் கரடி வருவது உண்மைதான். எண்ணெய் வாசனைக்குக் கோயில் கதவையே உடைத்திருக்கிறது. நீங்கள் எழுதினீர்கள். ‘கடும் குறை.’ கடும் குறை என்றால், சரிசெய்து மறு ஆடிட் முடியும்வரை அந்தக் கம்பெனி தூள் வாங்காது.

அன்று சாயங்காலம் உங்கள் பின்னாலேயே பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடி வந்தேன். பனி இறங்கி ரோடு தெரியவில்லை. மைல்கல் மேல் பையை வைத்துக்கொண்டு நின்றிருந்தீர்கள்.

“சார், இந்த ஆர்டர் போனா ஒரு ஷிஃப்ட்டை நிறுத்திருவாங்க சார். நாப்பது பொம்பளைங்க. எல்லாருக்கும் இது ஒண்ணுதான் வேலை.”

“கதவு பூட்டியிருந்துதுங்களே, மேடம்.”

“நாளைக்கே பூட்டை எடுத்துர்றோம். என் பொறுப்பு.”

“உங்க பொறுப்புங்களா?”

“ஆமா சார். அல்லா மேல ஆணையா.”

பஸ்ஸின் விளக்கு வளைவில் மங்கலாகத் தெரிந்தபோது பையைத் திறந்து தாளை எடுத்து, பையின் மேலேயே வைத்து எதையோ அடித்து எழுதினீர்கள். ‘சிறு குறை.’ எழுதிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ஏறிப் போய்விட்டீர்கள். நான் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு பிரியாணி செய்தேன் என்பதுகூட நினைவிருக்கிறது.

மறுநாள் பூட்டை எடுத்துவிட்டேன். திறந்த கதவைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பினேன். பதினோரு நாள் கதவு திறந்தே இருந்தது. பன்னிரண்டாம் நாள் மாடிக்குப் போனேன், பூட்டு. மேனேஜரிடம் சொன்னேன். “கரடி வருதும்மா” என்றார். நான் திரும்பி வந்து டெஸ்பாட்ச் பில் போட உட்கார்ந்துவிட்டேன். ஒருமுறைதான் சொன்னேன், சார். இரண்டாம் முறை சொல்லவில்லை. அலுப்பாக இருந்தது. இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்ததா என்று பலநாள் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

ஆடி மாத மழையில் கொழுந்து சொட்டச் சொட்ட வரும். அடுப்பின் சூட்டுக் காற்றை மாடிக்கு அனுப்பித்தான் வாட்ட வேண்டும். அந்தக் காற்றுக்குழாய் ஒரு மத்தியானம் மூன்று மணிக்கு வெடித்து, அடுப்புப் புகை முழுக்க மாடிக்குப் போய்விட்டது. மேலே ஆறு பெண்கள். ஐந்து பேர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மரப்படியில் தவழ்ந்து இறங்கிவிட்டார்கள். பரமேஸ்வரி அக்கா மட்டும் பின்கதவுக்கு ஓடியிருக்கிறார். அவர் கடைசித் தொட்டியருகே நின்றிருந்தார். அவருக்கு அதுதான் பக்கம். கதவு திறக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் புகையில் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலை உடைத்துக் குதித்துவிட்டார். கீழே விறகு அடுக்கி வைத்திருந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

விபத்து அறிக்கை எழுதுவது என் வேலை. மேனேஜர் பக்கத்தில் நின்று சொன்னார், நான் எழுதினேன். ‘பணியாளர் பதற்றத்தில், அளிக்கப்பட்ட பயிற்சியை மீறி, ஜன்னல் வழியாகக் குதித்துவிட்டார்.’ கதவைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. எழுதி முடித்து மாடிக்குப் போனபோது கதவில் பூட்டும் இல்லை. அது எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து நீங்கள் வந்தீர்கள். யாரும் அனுப்பி வரவில்லை. கேட்டுக்கு உள்ளேயும் வரவில்லை. வாட்ச்மேனிடம் சொல்லி என்னை ரோட்டுக்கு அழைத்தீர்கள். கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரியில் பரமேஸ்வரி அக்காவைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னீர்கள். மழையில், குடை இருந்தும் விரிக்காமல் நின்றீர்கள்.

“மேடம், கதவு பூட்டியிருந்ததுங்களா?”

என் பின்னால் ஃபேக்டரி ஜன்னலில் மேனேஜர் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும்.

“தெரியல சார்” என்றேன்.

நீங்கள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சரிங்க” என்றீர்கள். ஒருவர் வழி கேட்டு, இன்னொருவர் தெரியாது என்று சொன்னால் எப்படிச் சொல்வார்களோ அப்படி. அதுதான் நான் உங்களைக் கடைசியாகப் பார்த்தது.

அதற்குப் பிறகு நீங்கள் செய்தது எங்களுக்குத் தாளாகத்தான் வந்து சேர்ந்தது. முதலில் கடும் குறை என்று எழுதியதை நீங்களே சிறு குறை என்று மாற்றியதாகவும், மாற்றியது தவறு என்றும், அந்தக் கதவால்தான் ஒரு பெண் விழுந்தார் என்றும் உங்கள் ஏஜென்சிக்கு எழுதியிருந்தீர்கள். அதன் நகலை எங்களுக்கும் அனுப்பியிருந்தார்கள். மேலிருந்து கீழாக மூன்று முறை படித்தேன். என் பெயர் எங்கும் இல்லை. யாரோ கேட்டுக்கொண்டதால் மாற்றினேன் என்றுகூட இல்லை. ஏஜென்சி உங்களை வேலையிலிருந்து எடுத்துவிட்டது. பாக்கெட் கம்பெனி அந்த மாதமே எங்களிடம் வாங்குவதை நிறுத்திவிட்டது. ஒரு ஷிஃப்டும் போனது. எந்த நாற்பது பேருக்காக அன்றைக்குப் பனியில் கெஞ்சினேனோ, அந்த நாற்பது பேரும் வீட்டுக்குப் போனார்கள். நான் மட்டும் மேஜையில் இருந்தேன்.

ஆறேழு மாதம் கழித்து ஒருநாள் தைரியம் வந்து போன் செய்தேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறேன் என்றீர்கள். பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல்.

“தையல் பிரிஞ்சிருக்குதான்னு பாக்கற வேலைங்க. மலை ஏற வேண்டியதில்ல. அந்த மட்டும் நல்லதுதானுங்க.”

“என் பேர ஏன் சார் எழுதல?”

மெஷின் சத்தத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி வந்து பேசினீர்கள்.

“மாத்தினது என் பேனாதானுங்களே. உங்க பேர எழுதுனா, நான் செஞ்சத நீங்க செஞ்ச மாதிரி ஆயிருமுங்க.” அப்புறம், “ஒடம்பப் பாத்துக்கங்க மேடம். லைன் சூப்பர்வைசர் கூப்புடறாருங்க” என்று வைத்துவிட்டீர்கள்.

உங்கள் சாவுச் செய்தி வந்தபோது பரமேஸ்வரி அக்காவின் இழப்பீட்டு வழக்கு தொழிலாளர் அலுவலகத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. பயிற்சியை மீறியது அவர் தப்பு, அதனால் ஒன்றும் தரவேண்டியதில்லை என்று ஃபேக்டரி தரப்பு வாதம். அதற்கு அவர்கள் காட்டிய ஒரே தாள் நான் எழுதியது. எனக்கு அது முதலிலிருந்தே தெரியும். செய்தி வந்த மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டுக்குப் போனேன்.

இலங்கைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் தாய் தகப்பனோடு வந்தவர் அவர். அரசுத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு. வாசலில் நாற்காலி போட்டு, ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் நிறுத்தத்தில் நான் கெஞ்சியது, பூட்டு திரும்ப வந்தது, நான் விட்டது, எழுதியது.

அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, “கரடிக்குன்னா சொன்னாங்க?” என்றார்.

“ஆமாக்கா.”

“கரடி வாறதுக்குப் பூட்டலைங்க. நாங்க போறதுக்குப் பூட்டுனது. வெளியில போயி ரெண்டு நிமிசம் இடுப்ப நிமித்திட்டு வருவோம், அதத் தடுக்க.” சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “அந்தக் கோயம்புத்தூரு ஐயா ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. கால்மாட்டுல நின்னு, என்னாலதாம்மா இப்பிடி ஆச்சுன்னாரு. நான் எழுதுனத மாத்துனேன்னாரு. வேற யாரையும் சொல்லல.”

நான் தலை குனிந்துகொண்டேன்.

“நான் அவர ஏசுனேன். வார்டே பாத்துச்சு. நீ நல்லாருக்க மாட்டே, ஒன் நெஞ்சு வெடிச்சுத்தான் போகும்னு சொன்னேன். வாயத் தொறக்காம எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, ஆரஞ்சுப் பழத்த வச்சிட்டுப் போனாரு.” மடியிலிருந்த கோலைக் கையில் எடுத்தார். “இப்ப எங்கருக்காரு?”

சொன்னேன். எப்படிப் போனீர்கள் என்றும் கேட்டார். அதையும் சொன்னேன்.

அவர் கையிலிருந்த கோல் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்கப் போனேன். “தொடாத” என்றார். முகத்தைச் சேலையில் மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். அவர் விழுந்ததற்காகக்கூட அப்படி அழுதிருப்பாரா தெரியாது. கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “எங்கிட்ட வந்து சொல்லி என்னா பிரயோசனம்? அந்த ஆபீசுல வந்து சொல்லு” என்றார்.

அடுத்த வாய்தாவுக்குப் போனேன், சார். அந்தத் தாளை எழுதியது நான், கதவு பூட்டியிருந்தது, அது எனக்குத் தெரியும் என்று சொன்னேன். ஃபேக்டரி வக்கீல் நிறையக் கேட்டார். முன்பே பொய் எழுதியவள்தானே, இப்போது சொல்வதை எப்படி நம்புவது என்றார். நியாயமான கேள்விதான். பொய் எழுதினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியதால் நின்றேயிருந்தேன். அன்று சாயங்காலமே ஃபேக்டரியிலிருந்து, இனி வரவேண்டாம் என்று போன் வந்தது. இப்போது மார்க்கெட்டில் அண்ணனின் பாத்திரக் கடையில் உட்காருகிறேன்.

போன மாதம் தீர்ப்பு வந்தது. பரமேஸ்வரி அக்கா பக்கம். பயிற்சியை மீறினார் என்ற வாதம் நிற்காது என்று எழுதியிருந்தார்கள். அவர் மகள் சத்தம் போட்டு அழுதாள். அக்கா அழவில்லை. ஆபீஸ் படியில் ஒவ்வொரு படியாகக் கோலை ஊன்றி இறங்கிக்கொண்டிருந்தார். நான் நாலு படி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். நன்றி எதிர்பார்த்து நிற்கவில்லை. ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

“அக்கா. அந்த சாருக்கு சாபம் விட்டீங்களே, அத மட்டும் திரும்ப எடுத்துக்கங்க.”

நின்று மூச்சு வாங்கினார்.

“நீ வந்து சொன்ன அன்னைக்கே எடுத்துட்டேன். மாரியாத்தாளுக்கு வெளக்கு வச்சு, அந்த மனுசன் மேல நான் விட்டது வேணாம் தாயேன்னு சொல்லிட்டேன். போனவரு திரும்பியா வரப்போறாரு? ஆனாலும் சொல்லிட்டேன்.” மறுபடி ஒரு படி இறங்கினார். “வாயிலேருந்து வந்தத சும்மா தரையில போட முடியாதுல்ல. அத ஒம்மேல வச்சிருக்கேன். தாங்கிக்க.”

“சரிக்கா” என்றேன்.

மகள் ஆட்டோவைக் கூப்பிட்டாள். இருவரும் ஏறிப் போனார்கள்.

எனக்கு அதைக் கேட்டுப் பயம் வரவில்லை, சார். ஆச்சரியமாக இருந்தது. கடைக்குப் போய் எப்போதும்போலப் பாத்திரம் துடைத்தேன், இரண்டு குக்கர் விற்றேன், வீட்டுக்கு வந்து படுத்தேன். உடம்பு அடித்துப் போட்டாற்போல இருந்தது. ஆனால் நெடுநாளாக வராத தூக்கம் வந்தது. நீங்கள் அந்த வார்டில் கால்மாட்டில் நின்று, எனக்கு வரவேண்டியதை வாங்கிக்கொண்டு, யாருடையது என்று சொல்லாமல் மலை ஏறி இறங்கிய அலுப்போடு வீட்டுக்குத் தூக்கிப் போனீர்கள். இப்போது அது என்னிடம் இருக்கிறது. கனமாகத்தான் இருக்கிறது. என்னுடையதுதான்.